சொம்புக்குப் பக்கத்தில்

ராஜபாண்டியின் மூளை வரைபடம் திரையில் விரிந்தது. ஆட்களுக்கு ஓர் இடம், விலங்குகளுக்கு ஓர் இடம், கையாளும் பொருள்களுக்கு ஓர் இடம். மூளையில் வளர்ந்திருந்த கட்டி, பொருள்களின் இடத்தில் இருந்தது.

“அந்த இடத்த மட்டும் எடுத்துடுவோம்க்கா,” என்றாள் டாக்டர் நிலோஃபர். “அங்க இருக்கறதெல்லாம் அவருக்கு மறந்துரும். அப்புறம் படம் காட்டிப் பழக்கிக்கலாம்.”

அவர் மனைவி கௌசல்யா திரையை நெருங்கிப் படித்தாள். சாவி, ஸ்பூன், மிக்ஸி, தண்ணிச் சொம்பு. சொம்புக்குப் பக்கத்தில் அவள் பெயர்.

“இது தப்பா விழுந்திருக்கா டாக்டர்?”

“மூணு தடவ பாத்துட்டோம்க்கா. ஒண்ண நாம எப்படிப் புழங்குறோமோ, மூளை அந்த வகையிலதான் வைக்கும்.”

ஆட்களின் இடத்தில் அவர் அம்மா இருந்தார், சீட்டாட்ட நண்பர்கள் இருந்தார்கள், எதிர்வீட்டு நாய்கூட இருந்தது.

“உயிருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு, கௌசல்யா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், கஞ்சியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் கட்டிலருகே நின்றாள். ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ராஜபாண்டி, நிமிர்ந்து அவளையும் அப்படியே பார்த்தார்.

“எவ்வளவு நேரமா நிக்கிறீங்கம்மா? உக்காருங்க. சாப்ட்டீங்களா?”

முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

கௌசல்யா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். டாக்டர் கொடுத்திருந்த படக்கட்டைப் பிரித்து, தன் படத்தை மட்டும் உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அடுத்த படத்தை எடுத்து அவரிடம் காட்டினாள்.

“இதுதான் ஸ்பூன்.”