பழைய டிஸ்க்கில் ஒரு பிணம்

அந்த டிஸ்க் எப்போதோ செத்துப்போச்சு என்று அவன் மூன்றாம் முறையாகச் சொன்னபோது, அவன் மனைவி பழைய லேப்டாப்பின் ஐந்தாவது திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில், சற்றுமுன் தட்டுகள் இருந்த இடத்தில், ஒரு ஸ்க்ரூடிரைவரும் எட்டு வருடத் தூசியும்.

அவள் கணக்கு டீச்சர். பாடங்களை வீடியோவாக எடுத்து எடுத்து, அவளுடைய லேப்டாப்பில் மூச்சுவிட இடமில்லை. பரணில் கிடக்கும் பழையதிலிருந்து டிஸ்க்கை உருவி, ஒரு கேஸில் போட்டு, கேபிளைச் செருகினால் போதும் என்று சக டீச்சர் ஒருத்தி சொல்லியிருந்தாள். கேஸ் உள்ளங்கை அளவுதான். வாங்கியும் வந்துவிட்டாள்.

புதுசே வாங்கித் தருகிறேன் என்றான் அவன். பெரிதாக. அவள் கேட்கும் நிறத்தில்.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில், எதையும் வாங்கித் தருகிறேன் என்று அவன் தானாக வாயைத் திறந்ததில்லை. அவள் ஸ்க்ரூடிரைவரை இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

டிஸ்க் சாகவில்லை. செத்திருந்தால் அவனுக்கு நிம்மதி. அதற்குள் ஒரு பிணம் கிடந்தது.

நசுங்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவன் பிழைப்பு. 'வலது முன்கதவு உள்வாங்கியுள்ளது' என்று எழுதி எழுதிச் சலித்துப்போன ஒரு காலத்தில், ரகசியமாக ஒரு துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்தான். கதாநாயகனும் கார் சேதம் பார்ப்பவன்தான். ஆறடி உயரம், தலை நிறைய முடி. இரண்டுமே எழுதியவனிடம் இல்லை.

முதல் பக்கத்திலேயே கதாநாயகனின் மாமியார் கொலையாகிவிடுகிறார்.

அசல் மாமியார் அப்போதும் இப்போதும் இதே வீட்டில்தான் இருக்கிறார். இந்த நிமிடம் உள்ளறையில், கதவைத் திறந்துவைத்துப் படுத்திருந்தார்.

பெயரை மட்டும்தான் அவன் மாற்றியிருந்தான். ஆள் எழுந்த மறுநொடி பின்னாலேயே வந்து விளக்கை அணைப்பது, மருமகன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது மட்டும் தலையைத் திருப்பிப் பார்ப்பது, எல்லாம் அப்படியே இருந்தன. கொன்றது யார் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. கதையில் வந்த ஏழு பேருக்கும் தக்க காரணம் இருந்தது. யாரையும் குற்றம்சொல்ல மனம் வரவில்லை. பதினோராம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டான்.

டிஸ்க் கேஸுக்குள் போய் உட்கார்ந்தது. அவள் கேபிளைத் தன் லேப்டாப்பில் செருகினாள். சின்ன முனகலோடு அது சுற்றத் தொடங்கியது.

உடனே ஃபார்மேட் பண்ணிவிடு, வைரஸ் இருக்கும் என்றான். மகளின் சின்ன வயதுப் படங்கள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்காமலா அழிப்பது என்று கேட்டாள்.

ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்துகொண்டே வந்தாள். 'நசுங்கிய கதவுகள்' வந்தது. உலகத்தில் யாரும் திறக்கமாட்டார்கள் என்று நம்பி வைத்த பெயர். திறந்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

விசையைத் தட்டித் தட்டிப் பக்கம் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மேசை லேசாக ஆடியது. அழுகிறாள் என்று பயந்து கண்ணைத் திறந்தான்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது அம்மா கண்ணுல பட்டா நாம ரெண்டு பேரும் தெருவுலதான்," என்றாள் உள்ளறைப் பக்கம் பார்த்தபடி. பதினெட்டு அத்தியாயம் எழுதுகிற அளவுக்கா கோபம் என்றும் கேட்டாள்.

பதினொன்று என்று திருத்தினான்.

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். பதினெட்டு.

அவன் பன்னிரண்டாவதைத் திறந்தான். அது அவன் எழுத்தில்லை. ஒரு பிழைகூட இல்லை. ஒவ்வொரு பத்தியும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே அளவு உள்ளே தள்ளித் தொடங்கியது. பதறிப்போய் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினான். அவன் விட்டிருந்த ஒற்றெழுத்தெல்லாம் அங்கே ஒழுங்காக வந்து உட்கார்ந்திருந்தன.

பரணுக்குப் போவதற்கு முன், சீட்டு விளையாட என்று அந்த லேப்டாப் ஒரு வருடம் உள்ளறையில் இருந்தது. திரும்பி வந்தபோது கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்திருந்தது. வயசான காலத்தில் சீட்டாட்டத்தில் இவ்வளவு வெறியா என்று நினைத்துக்கொண்டான். உள்ளறைக்காரர் முப்பத்திரண்டு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

எட்டு வருடம். தன்னைக் கொன்றவனுக்கு அந்த அம்மாள் தினமும் காலையில் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"கடைசி அத்தியாயத்தப் படிங்க மாப்பிள்ளை," என்றது உள்ளறைக் குரல். "உங்களுக்குத் தைரியம் பத்தல. அதான் நானே முடிச்சு வெச்சேன்."

அவனுக்கு முன்னால் மனைவி படிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் தோளுக்கு மேலாக அவனும் படித்தான்.

ஆறடி மருமகன்மீது விழுந்த சந்தேகமெல்லாம் நீங்கி, அவன் தலைநிமிர்ந்து வெளியே வருகிறான். கைவிலங்கு விழுவது கொலையானவரின் சொந்த மகளுக்கு. கொலைக்குச் சான்றாக, வீட்டில் மகள் தாயைக் குத்திப் பேசிய பேச்சுகள் தேதிவாரியாக இரண்டு பக்கத்துக்கு இருந்தன. இந்த மாதிரிப் பேச்செல்லாம் தனக்கு மட்டுமே விழுவது என்று அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

மனைவியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வா," என்றாள்.

உள்ளறையில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.