பக்கத்து அறை டிரம்

கதவைத் தாழ் போட்டு, தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பைப் போட்டதுதான் தாமதம். பக்கத்து அறையில் ஆரம்பித்துவிட்டது.

டம்... டம்... டமடம டம்!

“வந்துட்டாருய்யா!” என்று பல்லைக் கடித்தாள் அவள்.

பிரசவ லீவு முடிந்து போன வாரம்தான் பட்டாளத்துக்குத் திரும்பியிருந்தாள். “உங்க ஓய்வறை வேண்டாம்மா. பக்கத்துலயே துப்பாக்கி துடைக்கறாங்க, அந்த ஈயத்தூள் குழந்தைக்கு ஆகாது. பேண்டு ரூம் பக்கத்துல ஒரு ரூம் சும்மா கெடக்கு. அங்கே பால் எடு” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

சுத்தமான அறைதான். ஆனால் பக்கத்தில் இந்த டிரம்காரர்! அவள் பம்ப்பைப் போட்டால் அடிப்பார். அணைத்தால் நிறுத்துவார். வேண்டுமென்றேதான் செய்கிறார்!

எரிச்சலில் பால் எங்கே சுரக்கும்? பாதி பாட்டில்கூட நிறையவில்லை.

வீட்டுக்காரர் போனில் புலம்பினார். “உன் பொண்ணு காலி பாட்டிலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு என்னை முறைக்கறாடி!”

பொறுத்தது போதும். நேராக சார்ஜன்ட் அம்மாவிடம் போனாள்.

டிரம்காரருக்கு நல்ல டோஸ். “வாசிக்க வேற நேரமே கெடைக்கலையா? இந்தப் பொண்ணு உள்ளே இருந்தா ஒரு சத்தம் வரக் கூடாது!”

நரைத்த மீசைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“சரிங்க மேடம்.”

மறுநாள் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்பாடா! கையை முழங்கை வரை கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, பம்ப்பைப் போட்டாள்.

டுர்ர்... புஸ்... டுர்ர்... புஸ்...

ஜன்னலுக்கு வெளியே டீ வாங்க நிற்கும் சிப்பாய்களின் வழக்கமான வரிசை.

“டேய், பால் பூத் திறந்தாச்சுடா!”

“டுர்ர்... புஸ்!” வாயாலேயே ஒருத்தன் பம்ப் ஓட்டினான். வரிசையே கொல்லென்று சிரித்தது.

சட்டென்று பம்ப்பை அணைத்தாள். முகமெல்லாம் சூடு. தினமும்தானே இந்த வரிசை இங்கே நிற்கிறது? இத்தனை நாள் ஒருத்தன் காதிலும் இது விழவில்லையே...

எழுந்தாள். பிறகு பக்கத்துச் சுவரைத் தட்டினாள்.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. நான் மூச்சுகூட விடலையே!”

“சார்ஜன்ட் அம்மாவை நான் பாத்துக்கறேன். நீங்க அடிங்கண்ணே... நல்லா ஓங்கி அடிங்க!”