கிட்டப் போகாதே!

“கிட்டப் போகாதடா! கதிர் அடிக்கும்!”

அம்மா காந்தா போட்ட சத்தத்தில், பெண்டாட்டி படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பிய பூபதி பயந்துபோய், மீன் கூடையோடு குழாயடிக்கே ஓடினான்.

அடுத்த வீட்டு கீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது நாளாக இதே கூத்து. பானுப்ரியாவுக்குத் தைராய்டில் புற்றுநோய். சென்னையில் ஆபரேஷன் செய்து, மிச்சமிருந்த புற்றுச் செல்களைச் சாகடிக்கக் கதிரியக்க அயோடினும் கொடுத்து அனுப்பினார்கள். வந்த நாளிலிருந்து மாமியார் அவளைத் தனி அறை, தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கிவைத்துவிட்டாள். அடுப்படிக்கு வரக் கூடாது. மீன் ஏலத்துக்குப் போகக் கூடாது. கோட்டைக்குப்பத்துக்கே கேட்கிற மாதிரி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, “கதிர், கதிர்!”

மருமகள் என்ன மனுஷியா, அணு உலையா?

கீதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

“பெரிம்மா, பானுவோட ஆஸ்பத்திரிப் பேப்பரைப் பொன்னேரி எப்சிபா நர்ஸ்கிட்ட காட்டினேன். அவளுக்குக் கொடுத்த மருந்துக்குப் பத்தே நாள்தான் ஒதுங்கி இருக்கணுமாம். நீ இன்னாத்துக்கு அந்தப் பொண்ணை இன்னும் மூலையில குந்த வச்சிருக்கே?”

“டாக்டர் முப்பது நாள்னாரு.”

“பொய்! நேத்து நானே பார்த்தேன். உன் பேத்தி அவ மடியில படுத்துக்கினு முறுக்கு தின்னுது. பேத்தின்னா மட்டும் கதிர் ஒதுங்கி வழி விடுதா?”

காந்தா குழாயடியைப் பார்த்தாள். பூபதியும் அவன் நைனா அங்கமுத்துவும், தண்ணீர் கொட்டும் சத்தத்தில் எதுவும் காதில் விழாமல், குந்தி உட்கார்ந்து மடவை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வலை போட்டுப் பிடிப்பதோடு தங்கள் வேலை முடிந்தது என்று பரம்பரையாக நம்பியிருந்த கைகள். இந்த இருபது நாளில்தான் கொஞ்சம் தேறியிருந்தன.

காந்தா குரலைத் தாழ்த்தினாள்.

“புள்ளைக்குப் பத்து நாள்தான்டி. ஆம்பளைங்களுக்குத்தான் முப்பது.”

“இன்னாது?”

“கர்ப்பப்பை எடுத்துட்டு வந்த மூணாம் நாளு, என்னைக் கொழம்பு வைக்கச் சொன்ன வூடு இது. ‘பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்’னா இவங்க காதுல ஏறுமா? கதிர்ன்னேன். தானா உலை வைக்கிறாங்க.”

உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை வந்தது. காலை மணி பத்து. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் பானுப்ரியா இந்த நேரத்துக்குத் தூங்கிக் கீதா பார்த்ததேயில்லை.

கீதா வெளியே வந்தாள். பூபதி கை நிறைய செதிலோடு, பாவமாக நிமிர்ந்து பார்த்தான்.

“அக்கா, ஆஸ்பத்திரிப் பேப்பரை வாங்கிக்கினு போனியே, நர்ஸாண்ட விசாரிச்சியா? இன்னும் எத்தினி நாள்க்கா?”

கீதா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“முப்பதுன்னுதான் சொல்றாங்க தம்பி. உடம்பு வாகைப் பொறுத்து நாப்பத்தஞ்சும் ஆவலாமாம்... அந்தச் செவுளை ஒழுங்கா எடு!”