வேடு கட்டிய வால்வு

ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவதைப் போலத்தான் கையாள் தங்கச்சாமி அந்தக் காற்று சிலிண்டரின் வால்வு வாய்க்கும் துணி கட்டி வைத்திருந்தான். தேவகோட்டை ரோட்டுக் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க, சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு முங்கிய ஜெகபர் சாதிக் மூச்சு முட்டி இறந்தான். வால்வுக்குள் அந்தத் துணியின் நூல் சிக்கியிருந்தது. அது 1974. அடக்கம் முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது.

ஜெகபரின் அண்ணன் அசன் முகம்மது, மிச்சமிருந்த இன்னொரு சிலிண்டருக்கு ரப்பர் மூடி போட்டு அறையில் பூட்டி வைத்தார். தினமும் காலையில் மூடியைக் கழற்றி, பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்தார். முதல் நாள் நூற்றைம்பது காட்டியது. இன்று நாற்பது.

தங்கச்சாமியைக் கூப்பிட்டார்.

"எவன்டா தொறந்தது? எந்தம்பியக் கொன்னது பத்தலையா ஒனக்கு?"

"சாவிய நீகதானண்ணே வச்சிருக்கீக. நான் இங்குட்டு வந்தே பத்து நாளாச்சு."

"பேசாத! ஒரு மூடி போடத் துப்பில்ல, பேச்சப் பாரு."

அப்போது மீட்டரின் முள் கொஞ்சம் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. அசன் முகம்மது சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். எங்கும் கசியவில்லை. முள் முப்பதுக்கு வந்து, இன்னும் வேகமாக இறங்கியது.

அவர் சிலிண்டரைப் பிடித்து உலுக்கினார்.

"கூறுகெட்டவனே, எத்தன தடவ சொல்லியிருக்கேன்! தண்ணிக்குள்ள பதறாம, மெதுவா மூச்சு இழுடா!"

முள் இருபதில் நின்றது. வெகுநேரம் கழித்து, மெதுவாக, ஒரே ஒரு கோடு இறங்கியது.