அஞ்சாவது தண்ணி

பெயர் ஒட்டாத டப்பாவைத்தான் வீரமணி எடுத்தான். மூடிக்குக் கீழே இருந்த ஈயத்தாளைக் கத்தியால் கிழித்தான். கூடத்து சோபாவில் மாதவராஜ் உட்கார்ந்திருப்பது சமையலறையிலிருந்தே தெரிந்தது.

அலமாரியில் இருந்த மற்ற டப்பாக்களில் எல்லாம் பெயர் இருந்தது. குன்னூர், டார்ஜிலிங், அஸ்ஸாம், காங்ரா. அவன் மனைவி யுவராணி குடித்துப் பார்த்து, நாக்கில் என்ன தங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் சீட்டு எழுதி ஒட்டுவாள். இந்த டப்பா கூரியரில் வந்தபோது அவள் இல்லை.

மாதவராஜுக்குக் கிரானைட் குவாரி. அதைவிடத் தேயிலைமேல் பைத்தியம். போன கார்த்திகையில் அவர் குடித்துவிட்டு ஓட்டிய கார், தவறான பக்கம் ஏறி வந்து யுவராணியின் ஸ்கூட்டரைத் தூக்கி எறிந்தது. அவள் அங்கேயே இறந்துபோனாள். எதிரே பெட்ரோல் பங்கில் நின்ற வீரமணி அதைப் பார்த்தான். வழக்கில் அவன் ஒருவன்தான் சாட்சி.

நேற்று அவரே போன் செய்து, "வூட்டுக்கு வந்து பேசலாமா தம்பி?" என்று கேட்டார். "வாங்க" என்றான். இப்போது டப்பாவையும் டீக்குவளையையும் கூடத்து மேஜைக்குக் கொண்டுவந்து, இலையைக் குவளையில் போட்டான்.

"ஸ்டேஷன்ல ஜாமீன் கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்கதான் வர்றேன்" என்றார் மாதவராஜ். "காரிமங்கலத்துல சந்தை நாளுன்னா வண்டி நகருதா? காரைத் தள்ளி நிறுத்திட்டு நடந்தே வந்தேன். இலை என்னது, உருண்டை உருண்டையா? ஊலாங் டீயா?"

"ஆமாங்க."

வீரமணி வெந்நீரை ஊற்றினான். கொஞ்ச நேரம் விட்டு இரண்டு கோப்பைகளில் வடித்தான்.

மாதவராஜ் கோப்பையைத் தொடவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரைக் காணோமே. நீ மொதல்ல குடி கண்ணு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, ஊருல இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு ஆசை" என்று சிரித்தார்.

வீரமணி குடித்தான். அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சத்தமாக உறிஞ்சினார்.

"பச்சைப்பயறு வேகற வாசம். நல்ல சரக்கு. உன் சம்சாரம் கெட்டிக்காரிதான், பாவம்."

வீரமணி அவர் விரல்களைப் பார்த்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள். அதே இலையில் இரண்டாம் தண்ணீரை ஊற்றினான்.

"இப்ப வறுத்த கல்லக்கா, வேர்க்கடலை வாசம். நெசமாவே பெரிய இலைதான்" என்ற மாதவராஜ் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தம்பி. நாளான்னைக்குக் கோர்ட்டு. அந்தப் பொண்ணு திடீர்னு குறுக்க வந்துடுச்சு, அவ்ளோதான், அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லு. என்கிட்ட இருக்கற டப்பா அத்தனையும் உனக்கே. சீனாவுலேர்ந்து நானே தூக்கிட்டு வந்தது எல்லாம் இருக்கு. உன் சம்சாரம் பாத்திருந்தா விட்டிருக்குமா?"

"யோசிக்கறேங்க."

"யோசி, யோசி. நான் கிளம்பறேன்." அவர் எழுந்தார்.

"மூணாவது தண்ணி ஊத்திட்டேனே" என்றான் வீரமணி. "இதுல அஞ்சாவது தண்ணிலதாங்க அசல் வாசனை வரும். அதுக்கு முன்னால எந்திரிச்சா, குடிச்சதே வீண்."

மாதவராஜ் வாசலைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். உருண்டைகள் பாதிதான் அவிழ்ந்திருந்தன. மறுபடியும் உட்கார்ந்தார்.

மூன்றாவது கோப்பையை வீரமணி குடிக்கவில்லை. அதைச் சிங்க்கில் கொட்டிவிட்டு வந்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். மாதவராஜ் கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

"வாசம் அடங்கித்தான் இருக்கு. நீ சொன்னாப்பல உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு."

நாலாவதையும் குடித்தார். வீரமணி தண்ணீரைப் புதிதாகக் கொதிக்க வைத்தான். அவசரப்படவில்லை. ஐந்தாவது தண்ணீரை ஊற்றி ஊற விட்டான்.

மாதவராஜ் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டினார். முகம் மலர்ந்தது.

"மாம்பூ! தை மாசத்துத் தோப்புக்குள்ள நுழைஞ்சாப்பல. எவன்டா கண்டுபிடிப்பான் இதை? என் நாக்கு கண்டுபிடிச்சிடுச்சு பாத்தியா!"

"பெரிய நாக்குங்க" என்றான் வீரமணி.

அப்போதுதான் அவர் கவிழ்ந்திருந்த கோப்பையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நீ ஏன் குடிக்கல?"

"போதும்னு தோணுச்சுங்க."

"நீ நடுவுலயே நிறுத்திட்டு, என்னை மட்டும் குடிக்க வெச்சியா? டேய், கடைசித் தண்ணில என்னடா கலந்தே? தொண்டையெல்லாம் என்னமோ பண்ணுதுடா!"

"இலைதாங்க. வேற எதுவும் இல்ல."

மாதவராஜ் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவை நோக்கி ஓடினார். அவர் திறப்பதற்குள் கதவு வெளியிலிருந்து திறந்தது. வாசலில் இன்ஸ்பெக்டர் தேவிப்பிரியா நின்றிருந்தார். பின்னால் இரண்டு காவலர்கள்.

"மேடம்! சாமி மாதிரி வந்தீங்க!" அவர் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடிக்காத குறையாகக் கும்பிட்டார். "டீயில விஷம் வெச்சுட்டான் மேடம்! ஒரு மணி நேரமா இங்கயே உக்கார வெச்சு ஊத்தினான்! இவனை அரெஸ்ட் பண்ணுங்க! என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

தேவிப்பிரியா டீக்குவளையை முகர்ந்து பார்த்தார். மிச்சத்தை ஒரு கோப்பையில் ஊற்றி ஒரு வாய் குடித்தார்.

"உங்க மெசேஜ் வந்ததுமே கிளம்பிட்டேன் வீரமணி. சந்தைக் கூட்டத்துல ஜீப்பு மாட்டிக்கிச்சு. நல்லவேளை, இருக்காரு."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாதவராஜைப் பார்த்தார்.

"ஜாமீன்ல இருக்கறவரு, சாட்சி வூட்டுல ஒரு மணி நேரமா என்னங்க பண்றீங்க?"