கடித்தது துஸிக்

"மொய்னாக்தான் கடிச்சிருக்கும். வேற எது?"

ஓக் மரத்தடியில் நாய்களோடு நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். தௌலெத்துக்குப் பரம திருப்தி. முந்தின நாள் விடிகாலை இருட்டில் அல்மாட்டிப் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தவனின் கெண்டைக்காலை ஏதோ ஒரு நாய் பதம் பார்த்துவிட்டு ஓடிப்போயிருந்தது. எந்த நாய் என்று அவன் பார்க்கவில்லை. ஊசி போட்டுக்கொண்ட கையோடு புகார் கொடுத்து, இன்றைக்கு நகராட்சி அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

பின்னாலேயே நாய் பிடிக்கிற கூண்டு வண்டியும் வந்து நின்றது.

மொய்னாக்குக்குப் பூங்காதான் வீடு. காதில் மஞ்சள் வில்லை. தடுப்பூசி போட்டாகிவிட்டது என்பதற்கு அடையாளம். ஆனால் கடித்ததாகப் புகார் வந்துவிட்டால் வில்லையை யார் பார்க்கிறார்கள்? வீட்டு நாய் கடித்தால் சொந்தக்காரருக்கு அபராதம், நாய்க்குச் சில நாள் வீட்டுக்காவல். ஆளில்லாத நாய் கடித்தால் கூண்டு வண்டி. அதில் ஏறினால் உயிர் போச்சு. இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரி சாட்சிகளின் பெயரைக் கேட்டார்.

"இவரு சுல்தானோட அப்பா. அவங்க பெலாவோட அம்மா."

"நாய் பேரைக் கேக்கல. உங்க பேரு."

ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். வருஷக்கணக்காகத் தினமும் சேர்ந்து நடக்கிறவர்கள்தான். ஆனால் அடுத்தவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பூங்காவில் அப்படித்தான், நாயின் பெயரிலேயே பிழைப்பு ஓடிவிடும். அதிகாரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வண்டிக்காரன் சுருக்குக் கம்பை எடுத்தான். மொய்னாக் அசட்டையாக உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

"கம்பைக் கீழ போடு."

சந்தையில் குதிரைக்கறி விற்கிற நூரிலா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். நாலு கடை தள்ளிக் கேட்கிற குரல். கையில் பிடித்த வாரின் முனையில், துஸிக் என்ற குட்டைக்கால் நாய்.

"கடிச்சது இவன். என் துஸிக். எழுதிக்கோங்க."

எல்லோரும் துஸிக்கைக் குனிந்து பார்த்தார்கள். சுல்தானின் அப்பா மட்டும், "என்னக்கா இது, உங்க துஸிக்குக்கு..." என்று ஆரம்பித்தார். அவருடைய சுல்தான் கன்றுக்குட்டி உயரம்.

"நீங்க பேசாதீங்க. உங்க சுல்தானுக்கு வாய்ப்பூட்டு எங்க? இருட்டுல எல்லாரும்தான் வாரை அவுத்து விடுறீங்க. யார் நாய் எங்க ஓடுச்சுன்னு யாராவது பார்த்தீங்களா? பார்க்கல. கேக்க நாதியில்லாத நாய் ஒண்ணு கிடைச்சுது, அது தலையில கட்டிட்டீங்க."

சுல்தானின் அப்பா மீதியை விழுங்கிவிட்டார். மற்றவர்களும் சட்டென்று தங்கள் நாய்களின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதில் மும்முரமானார்கள்.

தௌலெத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. என்ன பெண்பிள்ளை இவள்? நாயைக் கடிக்க விட்டுவிட்டு, நேற்று எட்டிக்கூடப் பார்க்காமல், இன்றைக்கு ஊரையே அதட்டுகிறாள். காலில் நாலு ஓட்டை அவனுக்கு. மாடிப்படி ஏற முடியவில்லை.

"ஏங்க, கொஞ்சமாவது வருத்தம் இருக்கா உங்களுக்கு? ஒரு மன்னிப்புக் கூடக் கேக்க மாட்டீங்களா?"

"மன்னிப்பெல்லாம் எனக்கு வராது தம்பி. அபராதம் எவ்வளவோ போடச் சொல்லு, கட்டுறேன். வீட்டுக்காவலா, வச்சுக்கிறேன். ஆனா அந்த வண்டி காலியாத்தான் திரும்பிப் போகணும்."

திமிரைப் பார் என்று இருந்தது அவனுக்கு.

அதிகாரி அவளைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். பொய் சொன்னால் அது தனிக் குற்றம் என்றார், அதற்கும் வழக்கு உண்டு என்றார். அவள் இடுப்பில் கைவைத்தபடி, எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு தௌலெத்திடம் திரும்பினார்.

"கடிபட்டது நீங்க. கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லுங்க. இது இல்லேன்னா, அதை ஏத்திடறோம்."

தௌலெத் நொண்டிக்கொண்டே போய் துஸிக்கின் முன்னால் குந்தினான். தன்னை இந்தப் பாடு படுத்திய அந்தப் பல்லைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் குனிந்தான். துஸிக் அவனை முகர்ந்து பார்த்தது. பிறகு வாயை அகலத் திறந்து, சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

மேலே வெறும் ஈறு. கீழே வெறும் ஈறு. பெயருக்குக்கூட ஒரு பல் கிடையாது.

அவன் நிமிர்ந்து நூரிலாவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. சொல்லேன் பார்க்கலாம் என்பதுபோல் நின்றாள். வாரை மட்டும் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"என்ன, இதுதானா?" என்றார் அதிகாரி.

தௌலெத் துஸிக்கின் வாயைக் கையால் மெல்ல மூடினான்.

"இதேதான் சார். அம்மாடி, என்னா பல்லு."