அடுப்படியில் நண்டு வளை

இந்தக் கரையில் கூப்பிட்டால் மறுகரையில் கேட்கும், அவ்வளவு குறுகிய தீவு அது. கடல் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க, அதிகாரிகள் கரையில் ஓர் இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு நண்டு வளை தோண்டிக் குடியிருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் நண்டு பத்தடி மேலே போய்ப் புது வளை தோண்டியது.

"எதற்கு ஓடுகிறாய்? இதுவரை ஏறியிருப்பது இரண்டு விரல் மட்டுமே" என்றது கம்பம்.

"நீ தண்ணியப் பாக்குற. நான் மண்ணுக்குள்ள இருக்கேன். கரை அடியில கரையுது" என்றது நண்டு.

மீனவர் சந்தியாகு கம்பத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நண்டு வளை எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதற்கும் மேலேதான் வள்ளத்தை இழுத்துப் போடுவார். அந்தத் தீவில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

வருஷா வருஷம் நண்டு ஏறியது. வள்ளமும் ஏறியது. கம்பம் இப்போது கடலுக்குள் நின்றது. அங்கிருந்தும், "இரண்டு விரல் மட்டுமே" என்றது.

ஒருநாள் காலையில் உலை வைத்த லூர்தம்மாள் புருஷன் சந்தியாகுவைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க."

அடுப்புக்குப் பக்கத்தில் புது வளை. அதன் வாயில் நண்டு.

"இன்னும் மேல போக வேண்டியதுதானே?" என்றார் சந்தியாகு.

"போகத்தான் தோண்டுனேன். எதிர்ல ஒருத்தன் தோண்டிக்கிட்டு வந்தான்."

"யாரு?"

"மறுகரை நண்டு."

லூர்தம்மாள் கொதிக்காத உலையை இறக்கி வைத்தாள்.